இல்லாத பங்காளியின் சாவு

காஞ்சிபுரத்தில் என் மனைவிக்குப் பிறந்த வீடு இருக்கிறது. அவளுடைய தம்பி குடும்பம் அங்கேதான் வாழ்கிறது. கீழே தறி ஓடுகிறது, மாடியில் நாங்கள் வந்தால் தங்குவதற்கென்றே ஓர் அறை. அப்படியிருந்தும் மைத்துனர் மகளின் கல்யாணத்துக்குப் போனபோது, ஊருக்கு வெளியே, ஐயம்பேட்டைச் சாலையில், வாடகை குறைந்த ஒரு லாட்ஜில் நான் அறை எடுத்தேன். எதற்காக எடுத்தேன் என்பதை இதுவரை ஒரே ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். அன்றிலிருந்து அவர் என்னை மாமா என்று கூப்பிடுவதில்லை.

என் மனைவிக்கு மறதி நோய். முதலில் அடுப்பில் வைத்த பாலை மறந்தாள். அது எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். பிறகு தெருவை மறந்தாள். பிறகு ஒருநாள், என் பழைய மாணவர் ஒருவர் கட்டிய புது வீட்டின் விருந்தில், பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எதிர்வரிசைக்குக் கேட்கும்படி, "இந்த சார் யாருங்க? காலையில இருந்து என் கூடவே சுத்திக்கினு இருக்காரு" என்றாள். வரிசை முழுவதும் சிரித்தது. கேலி செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து அவளோடு பேசாமல் இருந்தேன். பேசாமலிருப்பது கோபம் என்று புரிந்துகொள்ளும் நிலையில் அவள் இல்லை. புரியவில்லையே என்று அதற்கும் கோபப்பட்டேன்.

நான் திருச்சியில் அரசுக் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். என் அப்பாவும் ஆரணிப் பக்கம் தறி நெய்தவர்தான். ஆனால் மாமனார் வீட்டில் நான் 'படிச்ச மாப்பிள்ளை'. நான் உள்ளே நுழைந்தால் தறியை நிறுத்துவார்கள். எல்லாரும் பாயில் உட்கார்ந்திருந்தாலும் எனக்கு மட்டும் நாற்காலி வரும். வேண்டாம் என்று ஒருதரம்கூடச் சொன்னதில்லை. அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கும்போது, அந்த வீட்டுப் பெண்ணே என்னைக் காட்டி 'இந்த சார் யாரு' என்று கேட்டால்? இந்த நினைப்பே எனக்குத் தாங்கவில்லை. அதனால் அவள் நோயை அவர்களிடம் முழுதாகச் சொல்லவே இல்லை. போனில் பேசும்போது, வயசாகிறதல்லவா, கொஞ்சம் மறதி என்பேன். அவள் தெளிவாக இருக்கும் நேரம் பார்த்துத்தான் போனை அவளிடம் கொடுப்பேன்.

கல்யாணம் வைகாசியில் என்று முடிவானதும் மைத்துனர் பேசினார்.

"நலங்குக்கு அக்கா கைதான் மாமா மொத கை. பாப்பா சொல்லிட்டா, அத்த வந்து மஞ்ச தடவாம மணையில உக்கார மாட்டேன்னு."

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தப் பெண் சின்ன வயதில் கோடை விடுமுறை முழுவதும் எங்கள் வீட்டில்தான் இருப்பாள். என் மனைவி மகள் என்று யாரையாவது நினைத்திருந்தால் அவளைத்தான்.

"வந்துடறோம் மாப்பிள்ளை. ஆனா லாட்ஜ்ல ரூம் போட்டிருக்கேன்" என்றேன்.

"லாட்ஜா? நம்ம வூடு இருக்க சொல்லவா? தெருவுல கேட்டா காறித் துப்ப மாட்டாங்க என்னை?"

"அப்படி இல்லப்பா. உங்க அக்காவுக்கு முட்டி மடங்கல. வெஸ்டர்ன் டாய்லெட் வேணும்."

"அது போன மாசமே கட்டிட்டேன் மாமா. அக்காவுக்கோசரம்தான். டைல்ஸ்லாம் போட்டு வச்சிருக்கேன்."

அட்வான்ஸ் கட்டியாகிவிட்டது, கல்யாண மண்டபமும் அந்தச் சாலையில்தானே இருக்கிறது, போகவர வசதி என்று எதையெல்லாமோ சொன்னேன். அட்வான்ஸ் எதுவும் கட்டியிருக்கவில்லை.

என் திட்டம் இதுதான். லாட்ஜில் வைத்துக்கொண்டால் அவள் தெளிவாக இருக்கும் நேரத்தில் மட்டும் அழைத்துப் போகலாம். நலங்குக்கு ஒரு மணி நேரம், முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம். குழம்ப ஆரம்பித்தால் கால்வலி என்று சொல்லித் திரும்பிவிடலாம்.

லாட்ஜ் அந்த மாதிரி லாட்ஜ்கள் எல்லாம் இருப்பதுபோலத்தான் இருந்தது. கீழே பரோட்டாக் கடை, மேலே அறைகள். லிப்ட் இருந்தது, அதன் முன்னால் நாற்காலி போட்டு மறித்திருந்தார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த வடநாட்டுப் பையன்கள் ஒரு மாடி முழுக்க. கல்யாணப் புடவை எடுக்க வந்த ஒரு குடும்பம், துணிப்பைகளை மாடிப்படியில் வைத்துவிட்டு விலையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. ரிசப்ஷனில் இருந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும், பக்கத்துக் கிராமம். எங்கள் ஆதார் அட்டைகளை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே, "அம்மா நம்ம ஊரா? பேச்சுலயே தெரியுது பாருங்க" என்றார்.

அது உண்மை. திருச்சியில் இத்தனை வருஷம் வாழ்ந்து பழகிய பேச்சு நோய் வந்தபின் அவளிடமிருந்து கழன்றுகொண்டது. கல்யாணத்துக்கு முன் பேசிய பேச்சு திரும்பிவிட்டது.

"ஆமாம்பா. என் தம்பி பொண்ணுக்குக் கல்யாணம். நான்தான் அத்த" என்றாள். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

அறையில் ஒரு கட்டில், சலவைக் குறி போட்ட விரிப்பு, ரப்பர் பேண்ட் சுற்றிய ரிமோட். குளியலறையில் வாளி, மக், காகிதம் சுற்றிய இரண்டு சின்ன சோப்பு. ஜன்னலைத் திறந்தால் வீட்டுமனை போட்டுக் கொடி நட்ட வயல், அதைத் தாண்டிச் சாலை. கண்ணாடியின் ஓரத்தில், முன்பு தங்கிப்போன பெண்கள் ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள் வரிசையாக இருந்தன. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்து, பெரிய சிவப்புப் பொட்டு ஒன்றை நகத்தால் உரித்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். யாருடையதோ, வேண்டாம் என்றேன்.

"விட்டுட்டுப் போனதுதானே. நல்லா இருக்குதா?" என்று திரும்பிக் காட்டினாள்.

நன்றாகத்தான் இருந்தது. நான் பெட்டியைத் திறந்து துணிகளை எடுத்து வைத்தேன்.

பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விரிப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வலது கை விளிம்புக்கு அருகே போய் வந்துகொண்டிருந்தது. அந்த அசைவு எனக்குத் தெரியும். எங்கள் சேலைகளில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் இழைக்கு இழை பூட்டுவதைக் கோர்வை என்பார்கள். அதற்கு நெய்கிறவர் ஒருவர் போதாது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரைக்கான நாடாவை, அதாவது நூல் வைத்த கட்டையை, தள்ளிக் கொடுக்க வேண்டும். கல்யாணமாகும்வரை தம்பிக்குக் கோர்வை தள்ளியவள் இவள்தான். 'வாங்குடா' என்று சொல்லித்தான் தள்ளுவாளாம். அவர் ஒருநாள் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.

மத்தியானம் நான் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். கதவைத் தட்டும் சத்தம் கேட்டு எழுந்தால் கட்டில் காலி. வெளியே ரிசப்ஷன்காரர் நின்றார்.

"சார், கோச்சிக்காதீங்க. அம்மா கீழ வந்து உக்காந்துக்கினு இருக்காங்க. யாரோ ஒரு சார் கூட்டியாந்து ரூம்ல வச்சிருக்காரு, ரொம்ப மரியாதயாத்தான் பேசறாரு, ஆனா ஆளு நம்பறா மாரி இல்லன்றாங்க. காஞ்சீவரம் பஸ்ல ஏத்தி வுடு, எங்கப்பா தேடுவாருன்றாங்க. நான் ஆதார்லாம் பாத்துட்டேன். இருந்தாலும் கேக்கணும்ல சார்?"

கீழே போனேன். பரோட்டாக் கடைக்காரர், மாஸ்டர், புடவை எடுக்க வந்த குடும்பம், எல்லாரும் அவளைச் சுற்றி நின்றிருந்தார்கள். அவள் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "இவருதான்" என்று காட்டிக் கொடுத்தாள்.

புடவைக் குடும்பத்து அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் அவர்களிடம் விளக்கினேன். எல்லாரும் தலையாட்டினார்கள், உச்சுக் கொட்டினார்கள். ஒருவரும் என்னைக் கேவலமாகப் பேசவில்லை. ஆனால் எனக்கு உடம்பு முழுக்க எரிந்தது. அறைக்கு அழைத்து வந்தபின் எனக்குள் ஒரே படம்தான் ஓடியது. நலங்குப் பாய், சுற்றிலும் தெருக்காரர்கள், மாப்பிள்ளை வீட்டார், நடுவில் இவள் விரலை நீட்டி, 'இவருதான்'.

அப்போதே மைத்துனருக்குப் போன் செய்தேன்.

"மாப்பிள்ளை, ஒரு விஷயம். எங்க பக்கத்துல ஒரு சாவு. பெரியப்பாவோட பேரன், மும்பைல இருந்தவர். இப்பதான் தகவல் வந்தது. பங்காளி ஆச்சே. எங்களுக்குத் தீட்டு."

மறுமுனையில் நாதஸ்வரத்தை யாரோ ஊதிப் பார்க்கும் சத்தம் கேட்டது. அன்று காலைதான் வீட்டு வாசலில் பந்தக்கால் நட்டிருந்தார்கள். பந்தக்கால் நட்ட வீட்டுக்குள் தீட்டுக்காரர் நுழையக் கூடாது. அந்த வீட்டுக்காரரும் தீட்டு இருக்கும் இடத்துக்குள் போகக் கூடாது, தீட்டுக்காரரைத் தொடக் கூடாது. இது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இதையெல்லாம் ஒருநாளும் நம்பாதவன் நான். வகுப்பில் பாடத்தை விட்டுவிட்டு இதைக் கேலி செய்திருக்கிறேன். எனக்கு வேண்டியபோது அதையே எடுத்துக்கொண்டேன். அப்படி ஒரு பேரன் மும்பையில் இல்லை, எங்கேயும் இல்லை.

"அய்யய்யோ மாமா" என்றார் அவர். பிறகு, "அப்ப அக்கா?" என்றார்.

"என்ன செய்யறது? இவளும் வர முடியாதே."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் வாசலில் ரிசப்ஷன்காரர் டீயோடு நின்றுகொண்டிருந்தார். கேட்டிருக்கிறார்.

"சாவா சார்? வயசானவரா?"

"இல்ல. ஐம்பது இருக்கும்."

"ஹார்ட்டா?"

"ஆமாம்."

"இப்பல்லாம் அதான் சார். நல்லாப் பேசிக்கினே இருப்பாங்க." டீயை வைத்தார். "அம்மாதான் பாவம். வந்ததுல இருந்து பாக்கறவங்க கிட்டல்லாம் தம்பி பொண்ணு கல்யாணம்னு சொல்லிக்கினு இருந்தாங்க."

சாயங்காலம் மைத்துனர் வந்தார். வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். நாளை மறுநாள் மகளுக்குக் கல்யாணம், வீடு நிறைய ஆட்கள். டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி, மூச்சு வாங்க, அறைக்கதவுக்கு வெளியே நின்றார். வேட்டியில் பந்தக்காலுக்குத் தடவிய மஞ்சள் பட்டிருந்தது.

அன்று மாலை என் மனைவி மிகவும் தெளிவாக இருந்தாள். பல மாதங்களாக அப்படி ஒரு தெளிவை நான் பார்க்கவில்லை. தலை சீவி, மஞ்சள் நிறப் பட்டுச் சேலை கட்டி, அந்தச் சிவப்புப் பொட்டோடு நலங்குக்குப் புறப்படத் தயாராக உட்கார்ந்திருந்தாள். தம்பியைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"டேய், வாடா! என்னடா இப்படி இளைச்சுட்ட? வா, உள்ள வா."

"இருக்கட்டும்கா. இங்கயே நிக்கறேன்."

"ஏன்டா, மாப்பிள்ள வூட்டுக்காரங்க மாரி பிகு பண்ணிக்கற? உங்க மாமா ஒண்ணும் கடிச்சிட மாட்டாரு. வா."

அவர் சிரிக்கப் பார்த்தார். "பந்தக்கால் நட்டாச்சுக்கா."

"தெரியுதே. அதான் நலங்குக்குக் கிளம்பி உக்காந்துக்கினு இருக்கறேன். ஆட்டோ கொண்டாந்தியா?" என்னைப் பார்த்து, "ஏங்க, போலாமா?" என்றாள்.

மைத்துனர் என்னைப் பார்த்தார். "மாமா, நீங்க அக்காகிட்ட சொல்லலயா?"

"சொன்னேன் மாப்பிள்ளை" என்றேன். "மறந்திருப்பா. இப்பல்லாம் ரொம்ப மறந்துடறா."

அவள் நோயைப் பற்றி அவரிடம் நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்முறை. இத்தனை நாள் மறைத்ததை, என் பொய்க்கு முட்டுக் கொடுக்க எடுத்துப் போட்டேன்.

அவர் முகம் மாறியது. குழந்தையிடம் பேசுவதுபோல மெதுவாகச் சொன்னார். "மாமா பக்கத்துல ஒரு சாவுக்கா. மாமாவோட பெரியப்பா பேரன். தீட்டு. அதான் நான் உள்ள வரக் கூடாது."

"பெரியப்பா பேரனா?" அவள் என் பக்கம் திரும்பினாள். "உங்க பெரியப்பாவுக்கு ஏதுங்க ஆம்பளப் புள்ள? ரெண்டும் பொண்ணுங்க இல்ல? பொண்ணு வயித்துப் பேரன் எப்படிப் பங்காளி ஆவான்? அதுக்கு ஏது தீட்டு?"

அவள் சொன்னது அத்தனையும் சரி. என் குடும்பத்தை என்னைவிட அவள் நன்றாக அறிவாள். அவசரத்தில் பொய் சொல்லும்போது எனக்கு நினைவு வராதது அவளுக்கு நினைவிருந்தது. 'ஆமாம், நான்தான் பொய் சொன்னேன்' என்று அந்த இடத்தில் சொல்லியிருந்தால், அவர் அடுத்த அடி எடுத்து வைத்து உள்ளே வந்திருப்பார். திட்டியிருப்பார், அழுதிருப்பார், அக்காவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போயிருப்பார். அவள் நலங்கு வைத்திருப்பாள். அன்றைக்கு இருந்த தெளிவுக்கு அழகாகவே வைத்திருப்பாள்.

மைத்துனர் அவளை நம்பவில்லை. இப்போதுதானே நான் அவளுக்கு மறதி என்று சொல்லியிருந்தேன். அவர் கண்கலங்கி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்கான இரக்கம் இருந்தது. எப்படி மாமா தனியாகச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்பதுபோல. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அவர் துக்கம் என்று நினைத்திருப்பார்.

"சரி வுடுக்கா" என்றார். "கேரியர்ல பணியாரம் வச்சிருக்குது. உனக்குப் புடிக்கும்னு செய்யச் சொன்னேன்." கேரியரை நிலைப்படிக்கு வெளியே தரையில் வைத்தார்.

அவள் தரையில் இருந்த கேரியரைப் பார்த்தாள். கையில் கொடுக்காமல் கீழே வைத்ததை அவள் கவனித்துவிட்டாள். இருந்தும் ஏதோ நினைவு வந்தவளாகத் தலையணையின் அடியிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்தாள். முடிச்சுப் போட்டிருந்தாள். அதற்குள் குளியலறையிலிருந்த அந்தச் சின்ன சோப்பு இரண்டும் இருந்தன. எப்போது எடுத்து வைத்தாளோ.

"இந்தா, பாப்பாவுக்குக் குடு. அத்த குடுத்ததுன்னு சொல்லு. வாசனையா இருக்குது" என்று கையை வாசலைத் தாண்டி நீட்டினாள்.

அவர் ஓரடி பின்னால் போனார். "அங்கயே வைக்கா. கல்யாணம் முடியட்டும், நானே வந்து எடுத்துக்கறேன்."

"வாங்குடா."

"அங்கயே வைக்கா."

"வாங்குடா" என்றாள் மறுபடி, கையை மடக்காமல். கோர்வை தள்ளும்போது சொன்ன அதே வார்த்தை என்பது அவருக்கும் தெரியாமல் இருந்திருக்காது. மகளின் கல்யாணத்துக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்று பயந்த தகப்பன் அவர். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு திரும்பி, போய்ட்டு வரேன் என்றுகூடச் சொல்ல முடியாமல், படியில் வேகமாக இறங்கிவிட்டார்.

அவள் கையை நீட்டியபடி கொஞ்ச நேரம் நின்றாள். கட்டிலில் வந்து உட்கார்ந்தபின் கேட்டாள். "அவனுக்கு என்மேல என்னா கோவம்?"

பணியாரத்தை அவள் தொடவில்லை. நான் தின்றேன்.

மறுநாள் காலையிலேயே ஊருக்குக் கிளம்பினோம். ரிசப்ஷன்காரர் பெட்டியைச் சாலைவரை கொண்டுவந்து, செங்கல்பட்டு பஸ்ஸை நிறுத்தி ஏற்றிவிட்டார். பஸ் கொஞ்ச தூரம்கூடப் போயிருக்காது, கல்யாண மண்டபம் வந்தது. வாசலில் இரண்டு பேர் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே பெரிய பிளெக்ஸ். அதில் பெண்ணும் மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அன்று காலை எழுந்ததிலிருந்து என் மனைவி என்னை சார் என்றே கூப்பிட்டாள். ஜன்னலோரம் இருந்தவள் எழுந்து நின்று கத்தினாள்.

"நம்ம பாப்பா! பாப்பா படம் பாரு! நிறுத்துப்பா, கண்டக்டரு, நிறுத்து!"

கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். "அது வேற யாரோ" என்றேன்.

"வேற யாரோவா?" என்று கேட்டாள். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டாள். மண்டபம் பின்னால் போகும்வரை கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆடி பிறப்பதற்கு முன் மைத்துனர் திருச்சிக்கு வந்தார். அக்காவுக்குச் சேலை, தாம்பூலம், கல்யாணப் பலகாரம் எல்லாம் எடுத்து வந்திருந்தார். அதற்குள் அவள் நிலை வெகுதூரம் இறங்கியிருந்தது. அவர் செருப்பைக் கழற்றிய வேகத்தில் நேராக உள்ளே வந்து, அவள் காலடியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அந்தக் கைகளைப் பிடிக்கத்தான் காஞ்சிபுரத்திலிருந்து வந்திருந்தார் என்று பார்த்தாலே தெரிந்தது.

"அக்கா, நான்தான்கா. வந்துட்டேன் பாரு."

அவள் அவரை அன்பாகத்தான் பார்த்தாள். வெயிலில் வந்த வழிப்போக்கரைப் பார்ப்பதுபோல. அவர் தலைமுடியைக்கூட ஒதுக்கிவிட்டாள்.

"எந்த ஊருபா நீ?"

"காஞ்சீவரம்கா."

"காஞ்சீவரமா? அங்க எனக்கு ஒரு தம்பி இருக்கறான்பா." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "என்மேல அவனுக்கு என்னமோ கோவம். வாசப்படியிலயே நின்னுட்டுப் போய்ட்டான். எவ்ளோ கூப்பிட்டேன் தெரியுமா? நான் குடுத்தத வாங்கவே இல்ல."

"கோவம் இல்லக்கா. தீட்டுக்கா. தீட்டு இருந்துச்சு இல்ல..."

"இன்னா தப்பு பண்ணேன்னே தெரியல" என்றாள் அவள்.

என்னையும் என் பெயரையும் மறந்தவள். சாப்பிட்டதை மறந்து மறுபடி கேட்பவள். எல்லாவற்றையும் அழித்துக்கொண்டே வந்த அந்த நோய் இந்த ஒன்றை மட்டும் விட்டு வைத்திருந்தது.

நான் காபி போடுகிறேன் என்று சமையலறைக்குப் போனேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றுகொண்டு சொல்லிவிட்டேன். யாரும் சாகவில்லை, தீட்டு எதுவும் இல்லை, எனக்கு வெட்கமாக இருந்தது, அதனால் சொன்னேன். இப்போது எழுதியிருப்பதைவிடக் குறைந்த வார்த்தைகளில் சொன்னேன்.

அவர் என்னை அடித்திருக்கலாம். சுவரில் சாய்ந்துகொண்டார்.

"யாருமே சாவலயா?"

"இல்லை."

"அப்ப அக்கா சொன்னது கரெக்டு. பெரியப்பாவுக்கு ரெண்டும் பொண்ணுங்கன்னு. அக்கா கரெக்டாத்தான் சொல்லிச்சு, இல்ல?"

"ஆமாம்."

"நான் அக்காவப் பாவம்னு பாத்தேன்" என்றார். முகத்தைக் கழுவிக்கொண்டு முன்னறைக்குப் போனார். நான் கதவருகே நின்றேன். பழையபடி அவள் காலடியில் உட்கார்ந்து, யாரோ ஒருவரைப் போலவே பேசினார்.

"அம்மா, நான் காஞ்சீவரத்துல உங்க தம்பி வூட்டுக்குப் பக்கத்து வூடு. உங்க தம்பி சொல்லி அனுப்பினாரு. கோவமே இல்லையாம். நீங்க ஒரு தப்பும் பண்ணலயாம். தப்பெல்லாம் அவருதான் பண்ணாராம்."

"அப்படியா சொன்னான்?"

"சத்தியமா."

"அப்ப ஏன் வரல?"

அவர் அவள் கைகளை மறுபடி பிடித்துக்கொண்டார். மாலை வரை அவள் பக்கத்திலேயே இருந்தார். புறப்படும்போது, அந்தச் சோப்புகள் எங்கே என்று என்னைப் பார்க்காமல் கேட்டார். கைக்குட்டையோடு எடுத்துக் கொடுத்தேன். முடிச்சை அவிழ்க்காமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவளிடம் சொல்லிக்கொண்டார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

இப்போதும் போன் செய்கிறார். "அக்காகிட்ட குடுங்க" என்பார், அவ்வளவுதான். அவள் யாரோ பக்கத்து வீட்டுக்காரர் என்று நினைத்து, தம்பியைப் பற்றி விசாரிப்பாள். அவரும் தம்பி நன்றாக இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் வாசலில் நிற்க இப்போது அவள் விடுவதில்லை. கூரியர் கொண்டுவருபவர், கேஸ் சிலிண்டர் ஆள், ஓட்டுக் கேட்டு வந்தவர்கள், யாராக இருந்தாலும் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிடுவாள். பால்காரர் பழகிவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, சோபாவில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து, "வந்துட்டேன் பாட்டிம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார்.

போன வாரம் மருந்து வாங்கப் போய்விட்டுத் திரும்பினேன். பூட்டைத் திறந்தால் அவள் முன்னறையில் நின்றுகொண்டிருந்தாள். காலில் சேறு இருந்ததால் நான் வாசலிலேயே நின்று துடைத்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்து அவள் முகம் பதறியது. வேகமாக வந்து என் கையைப் பிடித்தாள்.

"உள்ள வாங்க சார். ஏன் வெளியவே நிக்கறீங்க? இங்க தீட்டுலாம் ஒண்ணும் இல்ல."